நாக்குக்கு வந்த விலை

தமிழழகனின் நாக்குக்கு அன்று காலை வந்த விலை ஐம்பதாயிரம் ரூபாய். நோட்டுக் கட்டு இட்லித் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இட்லிதான் ஆறிக்கொண்டிருந்தது.

"படம் சூப்பர்னுகூட சொல்ல வாணாம்ண்ணே. குடும்பத்தோட பாக்கலாம்னு ஒரு வார்த்தை, போதும்" என்றான் ஜெரின். உளுந்தூர்பேட்டைக்காரன்; புதுப் படங்களுக்கு விளம்பரம் பார்ப்பவன். கல்வராயன் மலையில் எடுத்த படம் ஒன்று வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

"படத்தையே பாக்கல. குடும்பத்தோட பாக்கலாம்னு எப்படிச் சொல்றது?"

"எழுபது?"

"எடுத்துக்கினு கெளம்பு."

கள்ளக்குறிச்சி வீட்டு மாடியில் உட்கார்ந்து யூடியூபில் விமர்சனம் சொல்லும் தமிழழகனை மூன்று லட்சம் பேர் பார்க்கிறார்கள். சினிமாக்காரன் வாங்கித் தந்த டீயைக்கூட அவன் தொட்டதில்லை என்பதுதான் அவர்களுக்கு அவன்மேல் உள்ள நம்பிக்கை. அந்தப் பேர் போய்விட்டால் அவனுக்கு மிஞ்சுவது ஒரு எம்.காம். பட்டமும், அப்பா ஜோடி மாடு விற்று வாங்கித் தந்த கேமராவும்தான்.

அதுவரை மூலையில் பல் குத்திக்கொண்டிருந்த அப்பா பொன்னுரங்கம் எழுந்தார். நாற்பது வருட மாட்டுத் தரகர். தரகோடு சரி, தனக்கென்று ஒரு கன்றுக்குட்டிகூடக் கட்டியவர் இல்லை.

"தம்பி, எம் புள்ள நாக்கு சந்தைக்கு வந்த மாடு இல்ல. பல்லப் புடிச்சுப் பாக்குற வேலையெல்லாம் இங்க வாணாம். வா, வெளிய வா."

தமிழழகன் இட்லியை மறந்து அப்பாவையே பார்த்தான். கிழட்டு மாட்டை நாலு பல் இளம் மாடு என்று சத்தியம் செய்து விற்ற மனிதருக்குள் இப்படி ஒரு அரிச்சந்திரன் உட்கார்ந்திருக்கிறானே!

வெளியே தூறல். பொன்னுரங்கம் ஜெரினின் கையைப் பிடித்து கேட் வரை கூட்டிப்போனார். தோள் துண்டு இருவர் கைமேலும் கிடந்தது. பிறகு தலை நனையத் திரும்பி வந்தார். ஜெரின் விசில் அடித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினான்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்து தமிழழகன் கேமராவை முறைத்தான்.

"மலை நல்லா நடிச்சிருக்கு. மத்தவங்க சும்மா நின்னுகினு இருக்காங்க. அருவில குதிச்ச ஹீரோ மேல வர்றப்போ தலை சீவிக்கினு வரான். உள்ள சலூன் இருக்குதா? கடுக்கா பொறுக்குற பொண்ணு, நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கினு பொறுக்குது. இந்த டிக்கெட் காசுல சின்னசேலத்துல ரயிலேறி சேலம் போய் வாங்க. அந்த ரயில்ல இதவிட நல்ல கதை இருக்கும். பத்துக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் மலைக்கு!"

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டான். ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் 'ஹவுஸ்புல்' பலகை தொங்கியது.

"இன்னாண்ணே, நீயும் ரெண்டாவது தரமா?" என்று வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். "அந்தச் சீவுன தலைய பாக்கத்தான் களமருதூர்லேர்ந்து ஒரு வேனே வந்துகீறோம். எவ்ளோ கேவலம்னு நேர்ல பாத்துட வாணாமா?"

சுவரில் புதுப் போஸ்டர். வாயைப் பிளந்து கத்தும் தமிழழகனின் முகம். கீழே: 'தமிழழகனே தாங்காத படம்! நீங்க தாங்குவீங்களா?'

போனை எடுத்து ஜெரினைப் பிடித்தான். "யாரக் கேட்டுடா எம் மூஞ்சப் போட்ட?"

"இன்னாண்ணே, தெரியாத மாதிரி கேக்கற? நீ திட்டறதுக்குத்தான் அன்னிக்கே கேட் பக்கத்துல பேசி முடிச்சாச்சே!"

கேட். தூறல். துண்டு.

தமிழழகனுக்கு உச்சந்தலையில் தண்ணீர் கொட்டியது போலிருந்தது. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. அவனோ அன்று நெகிழ்ந்துபோய் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினான்: "என்ன வித்துட்டியேப்பா!"

"உன்ன எங்கடா வித்தேன்?" பொன்னுரங்கம் நிதானமாக வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். "எப்படியும் திட்டத்தான் போற. சும்மா காத்துல போற திட்டு. எம்பதுக்கு முடிச்சேன். நீ ஒரு பொய் சொன்னியா? சொல்லல. முட்டுற மாட்டுக்குன்னே ஆளு வர்றாங்கடா."

"மூணு லட்சம் பேரு என்ன நம்பிக்கினு இருக்காங்கப்பா. நீயும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"நம்பறதாலதானே வெல ஜாஸ்தி."

தமிழழகனின் குரல் உடைந்தது. "எனக்கு ஒரு ரூபா வாணாம். அந்தப் படத்துக் காச இப்பவே திருப்பிக் குடு!"

பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் கண் மெதுவாக மேசைமேல் இருந்த கேமராவுக்குப் போனது.

"எந்தப் படத்துக் காசடா? இதோட பதினோரு படம் ஆச்சு. கேமரா, லைட்டு, என் தரகு எல்லாம் போக, உன் கணக்குல நாப்பதாயிரந்தான் நிக்குது."