அத்தான் போட்ட வைஃபை

பழையதை அடியோடு அழித்தவனால்தான் புதியதைப் படைக்க முடியும்.

அவர் அழித்துவிட்டார். படைத்தும்விட்டார்.

படைப்பில் வைஃபை மட்டும் இல்லை.

மனைவியின் லேப்டாப் மேசைமேல் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. குற்றாலத்துக் குடும்பப் படம் போயிற்று. சைலப்பன் அங்கங்கே போட்டுவைத்திருந்த சாமான்களெல்லாம் போயின. திறந்ததும் 'வணக்கம் கோமதி' என்று ஒன்று வரும். அதுவும் அவன் எழுதிவைத்ததுதான். அதுவும் போயிற்று.

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்பது, காலையில் எல்லாவற்றையும் அழித்து ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட உட்கார்ந்தபோது அவர் வெளியே சொன்ன காரணம்.

சைலப்பன், கோமதியின் அத்தை மகன். ஜாதகம் பொருந்தியிருந்தால் அவனே அவளைக் கட்டியிருப்பான். பொருந்தவில்லை. இவருக்குக் கட்டிவைத்தார்கள். கிரகங்கள் அத்தோடு தங்கள் வேலை முடிந்தது என்று போய்விட்டன.

சைலப்பன் போகவில்லை.

பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக் குடிவந்தான். லேப்டாப் வாங்கித் தந்தான். வைஃபை போட்டுத் தந்தான். எது நின்றாலும் செருப்பை வாசலில் உதறிவிட்டு வந்து, இவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல தம்பி, ஒரு கிளிக்குதான்" என்பான்.

ஒரு கிளிக்குதான் இருக்கும். அதைத்தான் தாங்க முடியாது.

"ஏங்க, நாலு மணிக்கு வகுப்பு இருக்கு." அடுக்களையிலிருந்து கோமதியின் குரல். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அவள் நடத்தப்போகும் முதல் பாட்டு வகுப்பு. "அத்தானுக்கு ஒரு போன் போடட்டா? ஒடனே வந்திருவாவ."

அவன் அத்தான். இவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து வெறும் 'ஏங்க'.

வேண்டாம் என்றார். குடியிருப்போர் சங்கத்தில் தற்சார்பு பற்றி அரை மணி நேரம் பேசியவர் வேறென்ன சொல்வார்.

லேப்டாப்பின் உள்ளே போய்ப் பார்த்தார். ஒரு மஞ்சள் முக்கோணம். வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இல்லையாம். டிரைவர் இணையத்தில் இருந்தது. இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும்.

போனில் இறக்கி, கேபிள் வழியாக ஏற்றினார். அது வேறு மாடலுக்கு உரியது. திரும்ப இறக்கினார். திரும்ப ஏற்றினார். லேப்டாப் ஒருமுறை அணைந்து உயிர்த்தது.

திரை மூலையில் வைஃபையின் சின்ன விசிறிக் குறி வந்துவிட்டது.

எழுந்து நின்றேவிட்டார்.

அவர் வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் முதலாவதாக, முழு பலத்துடன் நின்றது. அதைத் தொட்டார். அது பாஸ்வேர்டு கேட்டது.

உட்கார்ந்தார்.

பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. அவர் போனில் சைலப்பன்தான் அடித்துத் தந்தான். டிவியிலும் அவன்தான். இந்த லேப்டாப்புக்கும் அது தெரிந்துதான் இருந்தது, காலைவரை.

சைலப்பன் என்ன வைத்திருப்பான்?

நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோமதி என்று அடித்தார். தவறு என்றது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நிம்மதி நிலைக்கவில்லை. அவள் பிறந்த வருஷத்தைச் சேர்த்தார். தவறு. அவள் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். சைலப்பனுக்கு அது தெரியும். தவறு.

சைலப்பன். தவறு.

புள்ளி புள்ளியாக விழுவதில் எழுத்து மாறியிருக்கும் என்று நினைத்து, பெட்டியின் ஓரத்தில் இருந்த கண் குறியை அமுக்கினார். புள்ளிகள் எழுத்துகளாயின. ஒரு பிழையும் இல்லை.

விரல் தயங்கியது.

பிறகு இரண்டு பெயர்களையும் சேர்த்து அடித்தார். கோமதிசைலப்பன்.

தவறு.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரல்லவா முதலில் வரும்?

சைலப்பன்கோமதி.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிந்தது.

தோளுக்குப் பின்னால் காப்பி மணம் வந்தது.

கோமதி நல்ல சேலை கட்டி, பூ வைத்து, கையில் டம்ளரோடு நின்றாள். திரையைப் பார்த்தாள். ஒருமுறை படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

கண் குறி திறந்தே இருந்தது.

டம்ளரை மேசையில் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். டிவிக்கு மேலே பலகையில் இருந்த ரௌட்டரை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் கம்பெனிக்காரன் பாஸ்வேர்டு அச்சடித்து ஒட்டிய சீட்டு, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அதிலிருந்த எண்ணையும் எழுத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

சைலப்பன் எந்தப் பெயரையும் வைத்திருக்கவில்லை.

பெட்டியில் ஏற்கெனவே இருந்ததை அவர் முதலில் அழிக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அவள் காத்திருந்தாள்.

வைஃபை இணைந்தது.

நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்தார். அவள் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, திரையில் தெரிந்த தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் யாரும் இன்னும் வரவில்லை.

"எல்லாப் பேரையும் போட்டுப் பாத்திருக்கிய," என்றாள், திரும்பாமல். "ஒங்க பேரப் போட்டுப் பாத்தியளா?"

அவர் போட்டுப் பார்க்கவில்லை.

அது அவருக்குத் தோன்றவே இல்லை.