நடு எழுத்து கட்டாயம்

"ஏழு எழுத்து. நடுவுல இருக்கற 'ஒய்' கட்டாயம் வரணும். நல்லா யோசிங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, செய்தித்தாளில் வந்த ஆங்கில வார்த்தை விளையாட்டில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்தாள் அக்கா.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அத்தான் எங்கேக்கா விளையாடறாரு? மூணு மாசமா உனக்குத் தெரிஞ்ச வார்த்தையை நீயே எழுதிட்டு, அவர் சொன்னதா சொல்றே."

அக்கா எழுதி முடித்தாள். ஏழு எழுத்தும் வந்திருந்தன. "ஹால்சியன்... இப்படி ஒரு வார்த்தை இருக்காடா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"இருக்கவே இருக்காது" என்றபடி கைபேசியில் தேடினான். இருந்தது. 'அமைதி நிறைந்த' என்று பொருளும் போட்டிருந்தது.

அக்காவுக்கே தெரியாத வார்த்தை. அப்படியானால் சொன்னது யார்?

படுக்கையைப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அத்தான் விரலைக்கூட அசைத்ததில்லை. நினைவே இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். சரியான எழுத்தைத் தொட்டால் அவர் இமை மூடுகிறது என்று அக்கா மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி குனிந்தான். "அத்தான்... இத்தனை நாளா நாங்க இங்க பேசினதெல்லாம் கேட்டுச்சா?"

இமை மெல்ல மூடித் திறந்தது.