ரொம்ப ஒட்டாதே

“‘ஹாரன் அடிக்காதே, என்னைத் திட்ட உள்ளேயே ஆள் இருக்கு’ன்னு எழுதியிருக்கு பாருங்க.” முன்னால் போன காரைக் காட்டிச் சொன்னாள் மனைவி.

வேன் மாமா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வேன் ஓட்டியே தலை நரைத்த மனிதரை இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

சிரிப்பு வந்து அவர் சிரிக்கவில்லை. லீவு விட்டதிலிருந்து பேசாதவள் இன்றைக்கு வாயைத் திறந்திருக்கிறாளே, அதற்காகச் சிரித்தார்.

லீவுக்கு முதல் நாள் வேன் பள்ளிக்கூட கேட் தூணில் போய் இடித்துவிட்டது. நல்ல வேளையாகப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கியிருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் சாப்பாடு போடுவாள், துணி மடிப்பாள், படுத்துக்கொள்வாள். பேச்சு மட்டும் கிடையாது. கோபப்பட்டாலாவது சமாதானம் சொல்லலாம்; கல்லாட்டம் இருப்பவளிடம் என்னத்தைச் சொல்வது? போகப் போக அவருக்கும் உள்ளே எல்லாம் மரத்துப் போய்விட்டது.

இப்போது ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். “பிரேக்ல ஒரு கோளாறும் இல்லையேண்ணே, நசுங்கினதை மட்டும் தட்டிட்டேன்,” என்றான் மெக்கானிக். அப்போதும் அவள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. விடிந்தால் வேன் நிறையப் பிள்ளைகள். அதற்குள் இவள் பழையபடி பேசிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

சிக்னலில் நின்றார்கள். விளக்கு பச்சையாகியும், பக்கத்து வண்டி நகர்ந்த பிறகுதான் இவர் நகர்த்தினார்.

“அந்த வெள்ளைக் கார்ல பாருங்க. ‘முந்திக்கோ, அங்கேயும் டிராஃபிக்தான்.’” மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்.

“சரியாச் சொன்னான்! நம்மள மாதிரியே எவனோ நொந்தவன்.”

“எழுத்தை எப்படி வளைச்சு வளைச்சுப் போட்டிருக்கான், இல்லே?”

“ஆமா ஆமா. முத்து முத்தா இருக்கு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐயையோ, மறுபடியும் மூடிக்கொண்டாளே என்று அவருக்குத் திக்கென்றது.

“இன்னொண்ணு வந்தா சொல்லேன். நல்லாத்தான் இருக்கு.”

நீலக் கார் ஒன்று இடையில் புகுந்து முன்னால் போனது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“‘ரொம்ப ஒட்டாதே, உறவாயிடுவோம்.’”

இதற்கு அவருக்கு நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நீ சொல்றதுக்குள்ள நானே படிச்சிட்டேன்! பக்கத்துல ஒரு மாப்பிள்ளை பொம்மை வேற போட்டிருக்கான் பாரு.”

“கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தினார். அவள் குனிந்து இன்ஜினை அணைத்தாள், சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். கண் நிறையத் தண்ணீர். முகம் மட்டும் அப்படியே இருந்தது.

“என்னம்மா ஆச்சு? சிரிக்கத்தானே செஞ்சேன்?”

“ஒரு வண்டியிலயும் ஒண்ணும் எழுதலைங்க.”