விசில் அடிக்கும் பெட்டி

"இப்பக் கேக்குதா?"

"இல்லங்க."

"கிட்ட வந்து கேளு."

மனைவி கையிலிருந்த கரண்டியோடு குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள். "ஃபேன் சத்தம்தான் கேக்குது."

"உனக்கு எப்பக் கேட்டிருக்கு? குக்கர் விசிலையே பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொன்னாத்தான் தெரியும்."

அவர் ஆம்ப்ளிஃபயரின் மூடியை ஒன்பதாவது தடவையாகக் கழற்றினார்.

நாற்பது வயதான பெட்டி. பல் டாக்டருடையது. வெளியே மரச்சட்டமும் பித்தளைக் குமிழ்களும் அப்படியே இருக்க வேண்டும், உள்ளே எல்லாம் புதிதாக வேண்டும், செல்போனிலிருந்தும் பாட்டு வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தாயிற்று. புளூடூத் போர்டும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. பாட்டு தேனாக வந்தது. பாட்டை நிறுத்தினால்தான் வினை. ஊசி முனை மாதிரி ஒரு விசில்.

முந்தாநாள் டாக்டரே வந்து கேட்டுப் பார்த்தார். "அருமையா இருக்கே! எடுத்துட்டுப் போறேன்" என்றார். இவர் விடவில்லை.

"உங்களுக்குக் கேக்காது டாக்டர். நாள் பூரா டிரில் சத்தத்துல இருக்கீங்க."

அந்தத் தெருவில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். நடந்து போகும்போதே யார் வீட்டு மோட்டாரில் பேரிங் போகப்போகிறது என்று சொல்வார். ஒரு வாரத்துக்குள் போகும். அவர் மோட்டாரைச் சபிப்பதாகக்கூட ஒரு பேச்சு உண்டு.

முப்பது வருடமாக, அவர் கைபட்ட பெட்டி எதுவும் இரைச்சலோடு வெளியே போனதில்லை. ஆனால் போன இரண்டு மாதத்தில் இரண்டு பெட்டிகளை, "என்னால ஆகல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டிலும் இதே விசில்.

"இதுவும் சரியாகலன்னா சால்டரிங் அயர்னைத் தூக்கிப் பரண்ல போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

வேறு யாராவது என்றால் சும்மா சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். இரண்டாவது பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் மேசையைத் துடைத்துக் கருவிகளை எல்லாம் டப்பாவில் அடுக்கி மூடிவிட்டார். அதைத் திறக்க வைக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அதனால்தான் அவள் தன் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி எலக்ட்ரீஷியன். மூன்று பெட்டியிலும் ஒரே விசில் என்றால் கோளாறு பெட்டியில் இல்லை, வீட்டு வயரிங்கில்தான் என்பது அவள் கட்சி.

"உங்கக்காவுக்குக்கூட மூளை வேலை செய்யுது மாப்ள" என்றார் அவர். நம்பிக்கை வந்த முகம்.

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் அத்தான். கல்யாணத்தப்பதான் ஒரு தடவை வேலை செய்யல" என்றான் மைத்துனன், பையைத் திறந்துகொண்டே. "ஆஃப் பண்ணதும் நின்னுடுதா?"

"உடனே நிக்காது. புதுசா போட்டதெல்லாம் பெரிய கெப்பாசிட்டர். உள்ள இருக்கிற கரண்ட் மெதுவாத்தான் வடியும்."

மைத்துனன் தலையை ஆட்டினான். மெயின் போர்டைத் திறந்தான். எர்த்தைப் பார்த்தான், நியூட்ரலைப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

"சமையல்கட்டு லைன் தனியா வருது அத்தான். அங்கேருந்து இழுத்துப் பாப்போம். அதுலயும் வந்தா பெட்டிலதான் கோளாறு. வரலைன்னா நான் ஒரே நாள்ல வயரை மாத்திடறேன்."

"அதுல வராது பாரு" என்றார் அவர்.

மைத்துனன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி, வயரை விரித்துக்கொண்டு சமையலறைக்குள் போனான். அவர் நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், அளந்து வைத்தது போலப் போட்டு உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கரண்டியைக் கீழே வைக்கச் சொன்னார்.

"போடு."

மனைவி பெட்டியின் சுவிட்சை அழுத்தினாள். டக் என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்கும்போது எப்போதும் மூடிக்கொள்வார்.

கால் நிமிடம் வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை.

அவர் தோள்கள் இறங்கின.

"வருது" என்றார். "அதே விசில். இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா."



"அப்ப வயரிங் இல்ல. பெட்டிதான். எனக்குத்தான் கை போயிடுச்சு." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "டாக்டருக்குப் போன் பண்ணி வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

மனைவி பெட்டியைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் சமையலறை வாசலில் நின்றிருந்தான்.

"அத்தான்," என்றான் மெதுவாக, "நான் இன்னும் பிளக்கையே சொருகல."