ஊசிக்குப் பயந்த அப்பா

"எனக்கு ஊசின்னா பயம் சிஸ்டர். என்னை விட்டுடுங்க."

அடிகுன் இப்படிச் சொன்னதும் அபெயோகுடா சுகாதார நிலையத்தின் முற்றமே சிரித்தது. ஆள் ஆறடி உயரம். அடிபட்ட கார்களைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது அவருக்குத் தொழில்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவருடைய அக்கா அசாபிதான்.

"இரும்பை அடிக்கிற கைக்கு ஈர்க்குச்சி மாதிரி ஊசி பயமா? வெளியில சொல்லாதடா! என் வடைக்கடைக்கு வர்றவனெல்லாம் இதைச் சொல்லியே சிரிப்பான்."

நர்ஸ் எபுன் மட்டும் சிரிக்கவில்லை. பொறுமையாகப் பேசினாள்.

"பாபா அயின்கே..."

அயின்கேயின் அப்பா. தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

"உலகத்துல நடக்கிற ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தத்தை வச்சுத்தான் நடக்குது. நம்ம பிள்ளைங்களை வாட்டுற நோய்க்கு நம்ம ரத்தத்தைத்தானே பார்க்கணும்? அயின்கே கொடுத்துட்டா. அவ அம்மாவும் கொடுத்தாச்சு. நீங்களும் கொடுத்தா ஒரு குடும்பம் முழுசாகும்."

அயின்கேக்கு அரிவாள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாளைப் போல வளைந்து போய் ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். வலி வந்தால் பிள்ளை பாயைக் கடித்துக்கொண்டு புரளுவாள். இந்த ஆராய்ச்சிக் குழு வந்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். கயிறு தாண்டி விளையாடுகிறாள்.

அசாபிக்கு இப்போது கோபம் வந்துவிட்டது.

"பிள்ளைக்கு உயிர் கொடுத்தவங்க கேக்கறாங்க. துளி ரத்தம் தர மாட்டேங்கிறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

அவர் மனைவி மொரெனிகே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடிகுன் அவளை ஒரு பார்வை பார்த்தார். 

அயின்கே ஓடிவந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கவே வலிக்காது பாபா. நான் வேணா உங்க கையைப் பிடிச்சுக்கறேன்."

"வேண்டாம் கண்ணு. அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி."

குழந்தையின் முகம் வாடிப்போனது. அதைப் பார்த்ததும் எபுனுக்கே பொறுமை போய்விட்டது.

"விடு அயின்கே. உங்க வீட்டுல தைரியமெல்லாம் பொம்பளைங்களுக்கு மட்டும்தான் போல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மறுபடியும் சிரிப்பு. அடிகுன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து எபுனை, தொலைவில் இபாதான் ஊரில் இருந்த ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்க்க அனுப்பினார்கள். அங்கே நல்ல கூட்டம். நோய் உள்ளவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமே. ஆளுக்குத் தகுந்தபடி வரிசை பிரித்திருந்தார்கள்.

கடைசி வரிசையில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார் அடிகுன்.

"பாபா அயின்கே!" எபுன் சந்தோஷமாக ஓடி வந்தாள். "பயம் போயிடுச்சா? ஆனா வரிசை மாறி நிக்கிறீங்களே. நோய் வந்த பிள்ளைங்களோட அப்பா, அம்மாவுக்கு அந்த வரிசை. இது ஏ.ஏ. வரிசை. இவங்க ரத்தத்துல அந்தக் கோளாறு துளிகூடக் கிடையாது."

"தெரியும் சிஸ்டர். எப்பவோ சோதிச்சுப் பார்த்தாச்சு. இதுதான் என் வரிசை."

எபுனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மாவிடமிருந்து ஒரு பங்கும் அப்பாவிடமிருந்து ஒரு பங்கும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு அந்த நோய் வரும். அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

அவர் அவளைக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"நான் கட்டிக்கிட்டப்பவே மொரெனிகே வயித்துல அயின்கே இருந்தா. அதுக்குக் காரணமான ஆள் ஓடிப்போயிட்டான். எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்க அக்காவுக்கும் தெரியாது. அயின்கேக்கும் தெரியாது."

"நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோமே, பாபா..."

"நீங்க சொல்ல மாட்டீங்க. அவ கேப்பாளே! ஒரு மாத்திரை முழுங்கறதுக்குள்ள ஓராயிரம் கேள்வி கேக்கறவ. 'உங்க ரத்தத்துல என்ன இருந்துச்சு பாபா'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

எபுனுக்குக் கண் கலங்கியது.

"அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னாடி நான் உங்களை..."

"அதை விடுங்க. வலி வந்தா அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடப்பேன். இப்ப ஓடியாடித் திரியறா. உங்களை நினைக்காம ஒரு வாய் சோறு எறங்கறதில்ல எனக்கு."

"அதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா? அங்கே சிரிச்சவங்க சிரிச்சுட்டுப் போறாங்கன்னு சும்மா இருந்திருக்கலாமே."

"மனசு கேக்கல சிஸ்டர்" என்றார் அடிகுன்.

"அயின்கேயோட அப்பான்னு சொல்லிக் கொடுத்தா உங்க ஆராய்ச்சி பொய்யாப் போயிடும். அப்பா இல்லேன்னு சொல்லிக் கொடுத்தா என் பொண்ணு உடைஞ்சு போயிடுவா. அதான், யாரோ ஒருத்தனா வந்து கொடுத்துட்டுப் போறேன்."