மூத்தவள் கீழ் வீட்டில்

"யார் வந்து கேட்டாலும் உங்களோடதுன்னு சொல்லிடுங்கக்கா. ஒரு மணி நேரம்தான்," என்று தையற்காரி கெஞ்சினாள்.

கீழ் வீட்டு நர்ஸம்மா கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். "எனக்கும் இதுக்கும் ஒத்து வராதும்மா. என்கிட்ட விட்டு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. காலையிலேயே தண்ணி குடிச்சாச்சு. ஜன்னலோரமா வெளிச்சத்துல நிக்க வெச்சாப் போதும்."

"சரி, சரி. என் கையில கள்ளிச்செடியே செத்துப்போயிருக்கு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

தையற்காரி தன் செடிகளைப் பிள்ளைகள் கணக்கில்தான் பேசுவாள். மூத்தவள் என்றால் ரோஜா. மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து, இலை இலையாகத் துடைத்து வளர்த்தவள். ஒரு வருஷமாக வெறும் இலையும் முள்ளுமாகக் காலம் தள்ளிவிட்டு, இந்த வாரம்தான் மனசு வந்து ஒரே ஒரு பூப் பூத்திருந்தாள்.

பூத்த அன்று, வேலைக்குக் கிளம்பிய புருஷனை நிறுத்திக் காட்டினாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் பார்த்துவிட்டு "ம்" என்றான். அந்த 'ம்' போதவில்லை என்று அன்று முழுக்க அவனோடு அவள் பேசவில்லை.

அப்படிப்பட்டவளை ஒளித்து வைக்க வேண்டிய நிலை வந்தது வீட்டுக்காரரால். வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று காலையில் போன் செய்திருந்தார். குடிவந்த அன்றே தரகர் காதைக் கடித்திருந்தார்: "செடி விஷயத்துல மனுஷன் பொல்லாதவர். முந்தின குடித்தனத்தைக் காலி பண்ண வெச்சதே பால்கனித் தொட்டியாலதான்."

இந்த வீட்டைப் பிடிப்பதற்குள்ளேயே நாக்குத் தள்ளிவிட்டது. மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைய அவளுக்குத் தெம்பில்லை.

அவள் மாடி ஏறி வந்தபோது மெக்கானிக் தன் பங்கு வேலையை முடித்திருந்தான். சாமந்திகள் கட்டிலுக்கு அடியில். நந்தியாவட்டை அலமாரியில், சட்டைகளுக்கு நடுவே.

"செம்பருத்தி எங்க?"

"குளிக்கிறா. கதவைச் சாத்திட்டேன்."

அழைப்பு மணி அடித்தது. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பேன்ட் முட்டியில் ஈர மண் அப்பியிருந்தது. கீழே சாக்கடை மூடியைக் குனிந்து சோதித்திருப்பார், இவர் கண்ணில் ஒன்றும் தப்பாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் குழாயைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. நேரே பால்கனிக்குப் போனார்.

"இங்க வெயில் எதுவரைக்கும் இருக்கும்?"

"மத்தியானம் வரைக்கும் சார். துணி மொறுமொறுன்னு காயும்."

தரையில் வரிசையாக வட்ட வட்டமாகக் கறை. அவர் காலால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "என்ன இருந்தது இங்க?"

"குப்பைக் கூடை சார்."

"இத்தனையா?"

"தரம் பிரிச்சுப் போடுவோம் சார்," என்றான் மெக்கானிக்.

வீட்டுக்காரர் தன் நகங்களைப் பார்த்தார். அதிலும் மண். "கொஞ்சம் கை கழுவிக்கலாமா?"

"தண்ணி வரலை சார்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். குளியலறைக்குள் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"செடி கிடி ஏதும் வைக்கிறதில்லையா?"

வந்துவிட்டது என்று நினைத்தாள். "செடியா? எனக்கு ஆகவே ஆகாது சார். புழு, பூச்சி, சேறு. பார்த்தாலே உடம்பெல்லாம் அரிக்கும்."

"நாங்க கீரைகூட வாங்கறதில்ல சார்," என்றான் மெக்கானிக்.

கட்டிலுக்கு அடியில் இருப்பவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் ஆரம்பித்ததை அரைகுறையாக விட முடியாது. "தோட்டம் இருக்கிற வீட்டுல ஒரு நாள் தங்கச் சொன்னாக்கூட என்னால முடியாது சார்."

வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். பிழைத்தோம் என்று அவள் மூச்சுவிட்டாள். செருப்பை மாட்டியவர் திரும்பி நின்றார்.

"அது ஒண்ணும் இல்லம்மா. நான் மக வீட்டோட போயிடப் போறேன். என் வீட்டுப் பின்னாடி பெரிய தோட்டம். எல்லாம் என் சம்சாரம் வெச்ச செடிங்க. அதைக் காயவிட்டா என் மனசு தாங்காது. முந்தி இங்க இருந்தவங்களை அனுப்பினதே, தொட்டிக்குத் தண்ணி ஊத்தாம சாகடிச்சதாலதான்."

தையற்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"செடியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறவங்க யாராவது கிடைச்சா, இதே வாடகைக்கு அங்கேயே குடி வந்துடுங்கன்னு சொல்லலாம்னு பார்த்தேன். உங்களுக்கு ஆகாதுன்னா என்ன பண்றது? கீழ நர்ஸம்மாவுக்கே சாவியைக் குடுத்துடறேன்."

"நர்ஸம்மாவுக்கா?" என்றான் மெக்கானிக்.

வீட்டுக்காரரின் முகம் அப்போதுதான் முதன்முறையாக மலர்ந்தது.

"ரோஜாவை என்னமா வளர்த்திருக்காங்க!"