ஐந்தாவது உறுப்பினர்

"வளையல் விக்கிற பொம்பளைக்குச் சுங்க வரியப் பத்தி என்னலா தெரியும்?"

மெய்யநாதன் கைப்பேசியை மேசைமேல் போட்ட வேகத்தில், அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் அதிர்ந்தன.

வணிகர் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி அது. இறக்குமதிப் பொருள்களுக்கான சுங்க வரியை மறு ஆய்வு செய்ய அரசாங்கம் ஐந்து பேரை நியமிக்கப் போகிறது. நான்கு பேர் அதிகாரிகளும் பேராசிரியர்களும். ஐந்தாவது இடம் சிறு வணிகர்களின் பிரதிநிதிக்கு. அந்த இடத்துக்கு, மார்க்கெட் ஸ்ட்ரீட் முனையில் வளையல் கடை வைத்திருக்கும் ருக்குமணியை அமைச்சிலிருந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்களாம்.

மெய்யநாதனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? குவீன் ஸ்ட்ரீட்டில் முப்பது வருஷமாகப் பாத்திரக்கடை. சங்கத் தலைவராகப் பன்னிரண்டு வருஷம். இந்த வரியால் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன என்று வருஷம் தவறாமல் மனு எழுதியவர் அவர். அமைச்சர் யார் பினாங்குக்கு வந்தாலும் ஒரு கையில் மாலை, மறு கையில் மனு. இப்படி ஒரு குழு வேண்டும் என்று முதலில் கேட்டதே அவர்தான்.

ருக்குமணியோ சங்கக் கூட்டத்துக்குக்கூட ஒழுங்காக வந்ததில்லை.

சங்கச் செயலாளர் மோகனராஜ் சமாதானம் சொல்லிப் பார்த்தார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, யார் உட்கார்ந்தால் என்ன, வரி குறைந்தால் சரிதானே என்றார்.

"மனு எழுதிக் கை தேஞ்சவன் நான். நாற்காலி மட்டும் வேற ஆளுக்கா?" என்றார் மெய்யநாதன்.

மறுநாள் காலை அவர் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ருக்குமணியே வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, அந்தக் குழு விஷயமா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"என்கிட்ட என்னம்மா பேச்சு? இனிமே நாங்கதான உங்களத் தேடி வரணும்?"

ருக்குமணியின் முகம் சுருங்கிவிட்டது. மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெய்யநாதன் அவரைப் பார்க்காமல், அப்போதுதான் உள்ளே வந்த வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

அன்று மத்தியானமே அமைச்சுக்குக் கடிதம் எழுதினார். நல்ல மலாய் மொழியில் இரண்டு பக்கம். பொதுநலன் கருதி என்று தொடங்கினார். ருக்குமணி படித்தது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரைதான். வரி விதிமுறைகள் எதுவும் தெரியாதவர். அதுமட்டுமல்ல, எட்டு வருஷத்துக்கு முன் சுங்கப் படிவத்தில் சரக்கைத் தவறாகக் குறிப்பிட்டு, வளையல் பெட்டிகள் துறைமுகத்தில் முடக்கப்பட்டு, அபராதம் கட்டியவர். இப்படிப்பட்டவரா வரியைப் பற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வது?

எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மோகனராஜிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சங்கத்தின் முத்திரையைக் குத்தி அனுப்பினார். நாட்டுக்கு ஒரு நல்லது செய்த திருப்தியோடு அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. ஐந்தாவது உறுப்பினர் ருக்குமணி. படத்தோடு போட்டிருந்தார்கள்.

மெய்யநாதன் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு காரை எடுத்தார். அமைச்சின் பினாங்குக் கிளை அலுவலகத்தில், இந்த நியமனங்களைக் கவனிக்கும் அதிகாரி பிரமிளாவின் முன்னால் போய் நின்றார். பிரமிளா உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

பன்னிரண்டு வருஷத்து மனுக்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த மனுவை எந்த அமைச்சரிடம் கொடுத்தார் என்பதுவரை சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அந்தம்மாவப் பத்தி ஆதாரத்தோட கடிதம் எழுதினேன். யாராச்சும் படிச்சீங்களா, இல்ல குப்பையில போட்டீங்களா?"

"படிச்சோம் ஐயா." பிரமிளா கோப்பு ஒன்றை எடுத்தார். "நாங்க முதல்ல கேட்டப்ப அவங்க ஒத்துக்கல. தனக்கு வேணாம், வேற ஒருத்தரப் போடுங்கன்னு எழுதினாங்க. நான் இதக் காட்டக் கூடாது. ஆனா நீங்க பாக்கறது நல்லதுன்னு தோணுது."

கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம். மேலே தேதி இருந்தது. மெய்யநாதனின் கடை வாசலிலிருந்து ருக்குமணி திரும்பிப் போன அதே நாள்.

'எனக்கு வரி விதிமுறைகள் தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன் படிவத்தைத் தப்பாக நிரப்பி அபராதம் கட்டினேன். அப்போது மூன்று நாள் தன் கடையைப் பூட்டிவிட்டு, என்னோடு துறைமுகத்துக்கு அலைந்து, சரக்கை மீட்டுக் கொடுத்தவர் எங்கள் சங்கத் தலைவர் மெய்யநாதன். அவர் கைம்மாறாக எதுவும் வாங்கவில்லை. எங்களுக்காகப் பேச அவரைவிடத் தகுந்தவர் பினாங்கில் இல்லை. இந்த இடத்தை அவருக்கே கொடுங்கள்.'

மெய்யநாதன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை படித்தார். கையிலிருந்த பத்திரிகை மடியில் நழுவியது தெரியவில்லை.

"அப்புறம் ஏன்மா..." கடிதத்தை மேசைமேல் வைத்தார். "அப்புறம் ஏன் அவங்களையே போட்டீங்க?"

பிரமிளா கோப்பை மூடினார்.

"இது திங்கட்கிழமை வந்துச்சு ஐயா. அன்னைக்கே உங்க பேர எழுதிக் கையெழுத்துக்கு வச்சுட்டோம். செவ்வாய்க்கிழமை உங்க கடிதம் வந்துச்சு."